ஒட்டுக் கத்தியும் எடுபிடிக் கத்தியும்

தக்காளிக் கூடை ஒன்றின் கட்டை அறுப்பதற்காக, பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம் நான் கத்தி கேட்ட அன்றுதான், இந்த அத்தியாயத்தில் சொல்லப் புகுந்திருக்கும் விஷயம் எனக்கு முதன்முதலாகப் பிரத்தியட்சமாக விளங்கியது. இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தை, நேரம் விடியற்காலை. பெரியவர் தம் நிலத்துத் தக்காளியை விற்க வந்தவர். மற்ற நாட்களில் நாற்றுப் பண்ணைகளுக்குச் சென்று மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டும் தொழிலாளி. அவருடைய சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. இடுப்பு வாரில் எண்ணெய்த் துணி சுற்றிய மற்றொன்று இருந்தது. துணியின் ஓரத்தில் பளிச்சென்று தெரிந்த கத்தியின் பக்கம் என் கை நீண்டதும், அவர் அதை மெல்ல விலக்கிவிட்டு, பையிலிருந்த கறுத்த கத்தியை எடுத்து நீட்டினார்.

"அது ஒட்டுக் கத்திங்க சார். இந்தாங்க, இதுல அறுங்க. இது எடுபிடிக்கு வெச்சிருக்கறது."

"ரெண்டும் கத்திதானுங்களே ஐயா? ஒரே ஒரு கயிறுதானே?"

"இன்னிக்குக் கயிறு அறுத்தா நாளைக்கு ஒட்டுப் பிடிக்காதுங்க."

ஒரு கயிற்றை அறுத்த காரணத்தால் மறுநாள் ஒரு மாஞ்செடி பிழைக்காமற் போகும் என்பது, கேட்ட மாத்திரத்தில் சகுனம் பார்ப்பவர் பேச்சைப் போலத்தான் ஒலிக்கும். ஆனால் உலோக சாஸ்திரத்தையும் தாவர சாஸ்திரத்தையும் சாட்சிக்கு அழைத்து விசாரித்தால், இரண்டும் அநேகமாக அந்தப் பெரியவரின் பக்கமே பேசுகின்றன. அவருடைய ஒரு வாக்கியத்துக்கு உரை எழுதுவதே இந்த அத்தியாயத்தின் காரியம்.

கூர்மை என்று நாம் சொல்வது யாது? இரும்பின் கனத்தைப் போலவோ பொன்னின் நிறத்தைப் போலவோ அது பதார்த்தத்தின் உள்ளே உறையும் குணம் என்று நினைத்துவிடுகிறோம். "நல்ல கூரான கத்தி" என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்தக் கூர்மை கத்தியோடு கூடப் பிறந்தது போலவும், கத்தி உள்ள வரையில் அதுவும் உடனிருக்கும் போலவும் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கூர்மை ஓர் உருவம் மட்டுமே. கத்தியின் இரு பக்கங்களும் சரிந்து வந்து ஒன்றையொன்று சந்திக்கும் கோட்டை நம்மவர் 'வாய்' என்பார்கள். அந்த வாயைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் அது கோடாகத் தோன்றாது, மிகக் குறுகிய ஒரு வரப்பைப் போல உருண்டு, ஏதோ ஓர் அகலம் உடையதாகத் தோன்றும். அந்த அகலம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு கூர்மை. நம் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்குவது. நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரானை ஒட்டி நிற்கும். சவர பிளேடின் வாய் அதனினும் மிகக் குறுகியது.

இதனால் என்ன பயன் என்பதைச் சிறு கணக்கில் காணலாம். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வாயின் மேல் ஒரு கிலோ பாரம் வைத்து அழுத்துவதாகக் கொள்ளுங்கள். வாயின் அகலம் ஒரு மைக்ரானாக இருந்தால், அந்த ஒரு கிலோ பாரம் சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கிலோ என்னும் அழுத்தமாகப் பொருளின் மேல் இறங்குகிறது. அதே வாய் மழுங்கி ஐம்பது மைக்ரான் அகலம் ஆகிவிட்டால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு வெறும் இருநூறு கிலோவாகக் குறைந்துவிடுகிறது. கையின் பலம் மாறவில்லை, எஃகு மாறவில்லை, கண்ணுக்குத் தெரியும்படியாக எதுவுமே மாறவில்லை. ஆயினும் கத்தியின் ஆற்றல் ஐம்பதில் ஒரு பங்காகப் போய்விட்டது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தை நாம் வழக்கமாகக் கவனிப்பதில்லை. கத்தி பொருளை எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவே பொருளும் கத்தியின் வாயை எதிர்த்து அழுத்துகிறது. நியூட்டன் வகுத்த நியதிக்குக் கத்தி விலக்கல்ல. ஆகவே பத்தாயிரம் கிலோ அழுத்தம் செலுத்தும் மெல்லிய வாய், அதே பத்தாயிரம் கிலோவைத் தானும் தாங்கியாக வேண்டும். எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நொய்மை. கூர்மை உபயோகத்தால் செலவாவது தற்செயலாக நேரும் குறை என்று நினைப்பது பிழை. கூர்மையாக இருப்பதற்கே அது கொடுக்கும் விலை அது. இந்த ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகு, அந்தச் செலவை எந்தக் காரியத்துக்காகச் செய்வது என்ற கேள்வி மட்டுமே எஞ்சுகிறது. பெரியவர் தம் இடுப்பிலும் பையிலும் இரண்டு கத்திகளாக வைத்திருந்தது அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை.

வாய் எப்படிச் செலவாகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். முதலாவது, மடிதல். மெல்லிய தகட்டை விரலால் வளைப்பது போல, வாயின் விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. இரும்பு அங்கேயே இருக்கிறது, ஆனால் திசை தப்பி நிற்கிறது. நாவிதர் சவரக்கத்தியைத் தோல் வாரில் இழுத்து இழுத்துத் தீட்டும்போது, பெரும்பாலும் இந்த மடிந்த விளிம்பைத்தான் நிமிர்த்துகிறார். இரண்டாவது, தெறித்தல். எலும்பிலோ ஆணியிலோ கல்லிலோ பட்டவுடன் வாயிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து, பல் விழுந்தாற் போல ஓர் இடைவெளி ஏற்படுகிறது. மூன்றாவது, தேய்தல், இது சத்தமின்றி நடப்பது, ஆகவே மிகவும் வஞ்சகமானது.

தெறித்தலைப் பற்றிக் கிடைத்த ஒரு செய்தி என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது. எஃகை விட மயிர் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருக்க, மயிரை மட்டுமே சிரைக்கும் பிளேடு சில நாட்களில் மழுங்குவானேன்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோஸ்சியோலி, டாசன் முதலிய ஆராய்ச்சியாளர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளேயே மயிரை வெட்டிப் பார்த்து, தாங்கள் கண்டதை 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். மெல்ல மெல்லத் தேய்வதற்குப் பதிலாக, வாய் ஆங்காங்கே தெறிக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. மயிர் பிளேடுக்கு நேராக நிற்காமல் சாய்ந்து நிற்கும் இடத்தில், எஃகின் உள்ளமைப்பும் இடத்துக்கு இடம் வேறுபட்டிருக்குமாயின், அந்தச் சந்திப்பில் அழுத்தம் ஒருங்கே குவிந்து, ஐம்பது மடங்கு கடினமான எஃகே உடைகிறது. மென்மையான பொருள்தானே என்று அலட்சியமாக வெட்டுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

சந்தையிலோ மயிரை விடக் கொடிய விரோதிகள் உண்டு. ராயக்கோட்டையைச் சுற்றியுள்ள பூமி, பழம்பாறை சிதைந்து உண்டான செம்மண் பூமி. அந்த மண்ணில் குவார்ட்ஸ் எனப்படும் வெண்கற்படிகத் துகள்கள் கணக்கற்றுக் கிடக்கின்றன. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அந்தப் படிகம் 7. பதமிட்ட கத்தியின் எஃகு பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. தரையில் புரண்ட கயிற்றிலும், சாக்கிலும், அட்டைப் பெட்டியிலும் ஒட்டியுள்ள புழுதி, உண்மையில் கண்ணுக்குத் தெரியாத உப்புக்காகிதம்; கயிறு அறுபடும்போதே கத்தியும் அராவப்படுகிறது. இந்தப் பிரதேசத்தின் பிரதான உணவான கேழ்வரகின் தாளிலும், பொதுவாகப் புல் வகை அனைத்திலும், செடியே தன் தண்டுக்குள் மணற்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கதிர் அறுக்கக் கருக்கரிவாளை வைத்துக்கொண்டு, மற்றக் கத்திகளை அந்தப் பக்கமே கொண்டுபோகாத உழவரின் பழக்கத்துக்கு இதுவும் ஒரு நியாயம்.

இனி, பையிலிருந்த கத்தி கறுத்திருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். மாங்காயிலும், மா இலையிலும், பட்டையிலும் துவர்ப்புச் சத்து மிகுதி. அந்தத் துவர்ப்பு இரும்போடு கூடியதும் கருநீலமான ஒரு சேர்க்கைப் பொருள் பிறக்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே இரசாயனந்தான் மாங்காய் அரிந்த கத்தியின் மேலும் நடக்கிறது. கறை மேலோடு நின்றுவிட்டால் கேடு இல்லை. ஆனால் மாங்காயின் புளிப்பு, ஒரு மைக்ரான் அகலமே உள்ள வாயில் உறைந்திருந்து அரிக்கத் தொடங்கினால், அங்கே இழப்பதற்கு இரும்பு மிக அற்பமாகத்தான் இருக்கிறது. கத்தியின் முதுகில் துரு ஏறினால் அது வெறும் அழுக்கு. வாயில் ஏறினால் கூர்மையே போயிற்று.

தக்காளியைக் கூர்மைக்குப் பரீட்சையாக வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ராயக்கோட்டையில் அந்தப் பரீட்சைக்கான வினாத்தாள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. மேல்தோல் வழவழப்பும் உறுதியும் கொண்டது. உள்ளேயோ குழைந்த சதை. மழுங்கிய கத்தியால் அழுத்தினால், தோல் கிழிவதற்கு முன்பே சதை நசுங்கி அமிழ்ந்துவிடுகிறது. அதே கத்தியை அழுத்தாமல் இழுத்து அரிந்தால் ஓரளவு வேலை நடக்கும். ஏனெனில் நேராக அழுத்துவதை விட இழுத்தறுக்கும்போது கீழ்நோக்கிச் செலுத்த வேண்டிய பலம் வெகுவாகக் குறைகிறது. நம் வீட்டு அரிவாள்மணையில் கத்தி அசையாமல் நிற்க, காயைத் தள்ளியும் இழுத்தும் அரிவதன் சூட்சுமம் இதுவே.

இரும்பின் கதையை இந்த மண்ணில் நின்று சொல்லாமல் விடுவது முறையாகாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்த பொருள்களின் காலத்தைக் கணித்தபோது, இரும்பு வழங்கிய அடுக்குக்குப் பொது ஆண்டுக்கு முன் 2172 என்ற காலம் கிடைத்ததென்று 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் சட்டப் பேரவையில் அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்தார் இரும்பை அறிந்திருந்தார்கள் என்பது அதன் பொருள். பிற்காலத்தில் இதே சேலம் சீமையில் உருக்கிய எஃகு உலகப் புகழ் பெற்றது. தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் களிமண் மூசையில் இட்டு, வாயை மூடி, பல நாழிகை ஊதுலையில் காய்ச்சினால், தழையிலும் கட்டையிலும் உள்ள கரி இரும்புக்குள் புகுந்து அது எஃகாகிவிடும். சேலத்தில் இரும்புத் தொழில் தொடங்க முயன்ற ஜோசையா ஹீத் என்னும் ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த முறையை எழுதி வைத்திருக்கிறார். தமிழில் உருக்கு என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு என்றும் வழங்கும் சொல்லே திரிந்து ஐரோப்பியர் வாயில் 'வூட்ஸ்' ஆயிற்று என்பது பெரும்பாலோர் கருத்து. மூன்று மொழியும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ராயக்கோட்டையில் இந்தச் சொல்லாராய்ச்சியை எவரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியிராது.

அந்த எஃகின் மர்மத்தை அறிய முயன்றவர்களுள் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தின் வரலாற்றில் அழியா இடம் பெறுவதற்கு முன்பு, அவர் லண்டனில் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்பவரோடு சேர்ந்து, 1819 முதல் சில ஆண்டுகள் இந்திய எஃகைப் பரிசோதித்து வந்தார். அலுமினியத்தின் சேர்க்கையே இதன் விசேஷத்துக்குக் காரணம் என்று ஃபாரடே முடிவு செய்தது பிற்காலத்தில் பிழையென்று தெரிந்தது. கரியின் மிகுதியும் அது எஃகினுள் பரவியிருக்கும் முறையுமே காரணம் என்று இன்று அறிகிறோம். ஒரு கருமானின் மகனாகப் பிறந்த அந்த மேதை, நம் நாட்டுக் கருமார் பட்டறையின் இரகசியத்தை அறியத் தம் இளமையின் சில ஆண்டுகளைச் செலவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

கரி கூடினால் எஃகு கடினமாகிறது. ஆனால் கடினம் கூடக் கூட நொறுங்கும் தன்மையும் கூடுகிறது. கருமான் கத்தியை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்துக்குச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்ச்சல் போடும்போது, எஃகின் அணுக்கள் தம் பழைய இடத்துக்குத் திரும்ப அவகாசமின்றி நெருக்குண்டு நின்றுவிடுகின்றன. மார்ட்டென்சைட் எனப்படும் அந்த நிலை மிகக் கடினமானது, கண்ணாடியைப் போல உடையக் கூடியது. அதனால் அவர் கத்தியை மறுபடியும் இளஞ்சூட்டில் காட்டுகிறார். பளபளப்பாக்கிய எஃகின் மேல் வைக்கோல் நிறம் படர்ந்தால் சூடு 220 டிகிரியைத் தாண்டிற்று. நீல நிறம் படர்ந்தால் 300ஐ எட்டிற்று. வைக்கோல் நிறத்தில் நிறுத்தியது கூர்மையை அதிக நாள் தாங்கும். நீலம் வரை விட்டது கடினத்தில் குறைந்தாலும், நெம்பினாலும் தட்டினாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். கூர்மையை நெடுநாள் காக்கும் குணமும் அடி உதையைத் தாங்கும் குணமும் ஒரே கத்தியில் பூரணமாகக் கூடி வாரா. எல்லாக் காரியத்துக்கும் ஒரே கத்தி என்பவர், இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தை வாங்கிக்கொள்கிறார்.

வாயின் கோணத்திலும் இதே பிணக்கு உண்டு. இரு பக்கமும் சேர்ந்து 20 டிகிரி கோணத்தில் சந்திக்கும் கத்தி, வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் கனமே இருக்கும். 40 டிகிரியில் சந்திக்கும் கத்தி அதே இடத்தில் 0.73 மில்லிமீட்டர் கனம் இருக்கும். மெல்லியது தண்டுக்குள் வழுக்கிக்கொண்டு புகுகிறது. கனத்தது ஆப்பைப் போலப் பிளந்துகொண்டு புகுகிறது. மெல்லியதைக் கொண்டு கம்பியைச் சீவினால் வாய் போகும். கனத்ததைக் கொண்டு மாங்குருத்தைச் சீவினால் குருத்து போகும்.

குருத்து என்றதும் ஒட்டுக்கு வருகிறேன். போச்சம்பள்ளிக்கு அருகேயுள்ள சந்தூர், மாஞ்செடி நாற்றுக்குப் பெயர் பெற்ற ஊர். தோத்தாபுரி, செந்தூரா, அல்போன்சா முதலிய இரகங்கள் அந்த வட்டாரத்திலிருந்து பல இடங்களுக்கும் செல்கின்றன. மாங்கொட்டையை நட்டு வளர்த்தால் தாய் மரத்தின் குணம் அப்படியே வருமென்ற நிச்சயம் இல்லையாதலால், கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடியின் மேல், விரும்பிய இரகத்தின் குச்சி ஒன்றைப் பொருத்திக் கட்டிவிடுகிறார்கள். இரண்டு வேறு உயிர்கள் ஓர் உடலாகின்றன. இந்த இணைப்பு நிகழும் இடம், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வளையமாக ஓடும் வளர்படை. அது சில உயிரணுக்களின் கனமே உள்ளது, ஒரு காகிதத்தின் கனத்தை எட்டுவதே அரிது. வேர்ச்செடியின் வளர்படையும் குச்சியின் வளர்படையும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் தொட்டு நிற்க வேண்டும். அந்தத் தொடர்பிலிருந்து புதிய திசு பிறந்து இடைவெளியை நிரப்பி, நீரும் உணவும் செல்லும் குழாய்கள் இணைய வேண்டும்.

இப்போது பெரியவரின் வாக்கியத்துக்குத் திரும்புங்கள். கூரான கத்தி ஒரே இழுப்பில் சீவினால், வெட்டுமுகம் கண்ணாடி போல் சமமாக அமைகிறது. கத்தி பட்ட உயிரணுக்கள் மட்டுமே சாகின்றன, அடுத்த அடுக்கு உயிரோடு நிற்கிறது. மழுங்கிய கத்தி உயிரணுக்களை வெட்டுவதற்கு முன் நசுக்குகிறது. பல அடுக்குகள் ஒருங்கே மடிந்து, அவற்றிலிருந்து கசியும் துவர்ப்புச் சாறு காற்றுப் பட்டுப் பழுப்பேறி, இரு வளர்படைகளுக்கும் நடுவே ஒரு செத்த திரையாக நின்றுவிடுகிறது. முகம் அலையலையாக இருந்தால், கட்டு எவ்வளவு இறுக்கமானாலும் உள்ளே சந்துகள் எஞ்சும். அங்கே காற்று புகுந்து உலர்த்தும், அல்லது பூஞ்சாளம் குடியேறும். முந்தின நாள் புழுதிக் கயிற்றை அறுத்த கத்தியின் வாயில் எத்தனை இடத்தில் மடிவும் தெறிப்பும் உண்டோ, அத்தனை கீறலும் அந்த வெட்டுமுகத்தில் பதிந்துவிடும். கயிற்றுக்கும் ஒட்டுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான். ஒரே கயிற்றில் எல்லா ஒட்டும் கெட்டுவிடாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பிடிக்கிற செடிகளின் விகிதம் குறையும், நாள் கூலிக்கு நூற்றுக்கணக்கில் கட்டுகிறவருக்கு அந்தக் குறைவே போதிய தண்டனை.

ஒட்டுக் கத்தியில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாதாரணக் கத்தி இரு பக்கமும் சரிவாகத் தீட்டப்படுவது. ஒட்டுக்கென்றே செய்த கத்தி பல சமயம் ஒரு பக்கம் மட்டும் சரித்து, மறுபக்கம் தட்டையாக விடப்படுவது. தட்டையான பக்கம் தண்டின் மேல் படிந்து செல்வதால், உளியைப் போல அது நேரான முகத்தைச் சீவித் தருகிறது. இக்கத்தியைக் கொண்டு நெம்பினாலோ, ஆணியைச் சுரண்டினாலோ, வளைந்துபோன அந்தத் தட்டையை மீட்பது சாணைக்காரருக்கும் கடினம்.

கத்தி நோயையும் சுமக்கும். தக்காளியைத் தாக்கும் புகையிலைத் தேமல் வைரஸ், நோயுற்ற செடியை வெட்டிய கத்தியாலும் தொட்ட கையாலுமே அடுத்த செடிக்குப் பரவக் கூடியது. ஓசூர்ப் பக்கம் பயிராகும் ரோஜாவில் கழலை போன்ற கட்டியை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவும் வெட்டுக்காயத்தின் வழியே உள்ளே செல்வது. கண்ட இடத்தில் புழங்காத கத்தியைத் துடைத்துச் சுத்தமாக வைப்பது எளிது. எடுபிடிக் கத்தியை அப்படி வைப்பது நடவாத காரியம்.

ஒன்றைக் காத்து மற்றொன்றை உழைக்க விடும் இந்த வழக்கம் மிகப் பழையது. பேனாக்கத்தி என்ற சொல்லையே பாருங்கள். இறகு முனையைச் சீவி எழுதிய காலத்தில் ஐரோப்பிய எழுத்தர் அதற்கென்றே ஒரு சிறு கத்தி வைத்திருந்தனர்; முனை சிறிது பிசிறினாலும் மை சிந்தும் என்பதால் அந்தக் கத்தியின் கூர்மையைப் பேணிக் காத்தார்கள். பின்னர் வந்த மடக்குக் கத்திகளில் எடுபிடிக்கு ஒரு பெரிய அலகும் இறகுக்கு ஒரு சிறிய அலகுமாக இரண்டும் ஒரே பிடியில் குடியேறின. இறகு போய், தொட்டெழுதும் கட்டையும் போய், பேனாவே போகும் காலம் வந்த பிறகும் பெயர் நிற்கிறது. நம் நாட்டில் ஓலையில் எழுதியோர் வைத்திருந்த மடக்கெழுத்தாணியிலும் ஒரு புறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலை வாரும் கத்தியுமாக மடங்கும்; எழுதும் முனையால் ஓலையை நறுக்கும் அவசியம் நேராதபடி செய்த ஏற்பாடு அது.

ராயக்கோட்டையில் இரயிலேறினால் கெலமங்கலத்தைத் தாண்டி ஓசூர். தக்காளியும் கேழ்வரகும் விளையும் இந்தப் பூமியிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் அங்கே லேத்துப் பட்டறைகளுக்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கும் நாள்தோறும் போய் வருகிறார்கள். அவர்களைக் கேட்டால் இதே பாடத்தை வேறு வார்த்தைகளில் சொல்வார்கள்: முதலில் கனமாகச் சீவித் தள்ளுவது 'ரஃப்', கடைசியில் அளவுக்குக் கொண்டுவருவது 'ஃபினிஷ்', ஃபினிஷுக்கு வைத்த டூலை ரஃபுக்குத் தொடக் கூடாது. உலோகத்தைச் சீவும் கலையை முதன்முதலாகக் கணக்குக்கு உட்படுத்தியவர் அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர். இருபத்தாறு ஆண்டுகளில் எட்டு லட்சம் பவுண்டு எஃகையும் இரும்பையும் சீவித் தள்ளிப் பார்த்து, 1906ஆம் ஆண்டில் அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைமையுரையாக அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்ட சூத்திரப்படி, அதிவேக எஃகினால் ஆன வெட்டுளியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அதன் ஆயுள் இரு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, ஏறத்தாழ 256 மடங்காகிறது. அங்கே வாயைத் தின்பது முக்கியமாக உஷ்ணம். கைக்கத்திக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கொடுமை கொஞ்சம் கூடினால் தேய்வு வெகுவாகக் கூடும் என்ற அதன் சாரம் இரண்டுக்கும் பொது.

காத்து வைப்பது என்றால் மறந்து வைப்பது என்று கொள்ளலாகாது. உபயோகிக்காத கத்தியும் கெடும். கரி மிகுந்த எஃகு எளிதில் துருப்பிடிப்பது. பதனிட்ட தோலுறை ஈரத்தையும் துவர்ப்பையும் தன்னுள் பிடித்து வைப்பதால், மாதக் கணக்கில் அதற்குள் இட்டுவைத்த கத்தியின் வாய் அரிக்கப்படுகிறது. பெரியவர் எண்ணெய்த் துணி சுற்றியது அதற்காகத்தான். தேங்காயெண்ணெய் உத்தமம், நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகும் சுபாவம் உடையது. தீட்டுவதற்குக் கிணற்றடிக் கருங்கல் எடுபிடிக் கத்திக்கு ஆகும், ஒட்டுக் கத்திக்கு ஆகாது. கருங்கல்லின் பருமணிகள் வாயில் ஆழமான கீறல்களை விட்டுவிடும். 1891இல் அமெரிக்காவில் அச்செசன் கண்டுபிடித்த கார்போரண்டம் இன்று இரும்புச் சாமான் கடைகளில் சொற்ப விலைக்கு இருபுறக் கல்லாகக் கிடைக்கிறது. முரட்டுப் பக்கத்தில் உருவத்தைச் சரி செய்து, மென்பக்கத்தில் தண்ணீர் விட்டு, கோணம் மாறாமல், எதிர்ப்புறத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரையில் தீட்டி, கடைசியில் பழைய தோல் வாரில் அந்தப் பிசிறை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு தீட்டும் கொஞ்சம் எஃகைத் தின்கிறது. நாள்தோறும் தீட்ட நேரும் கத்தி சில ஆண்டுகளில் ஒடுங்கிவிடும். அது மட்டுமா, வாய் பின்வாங்கப் பின்வாங்கக் கத்தியின் கனத்த பகுதிக்கு வந்து, தீட்டினாலும் பழைய மென்மை வராமற் போகும். எப்போதேனும் தீட்டப்படும் ஒட்டுக் கத்தி இதனால் நெடுங்காலம் உழைக்கிறது.

எடுபிடிக் கத்தியைக் கவனியாமல் விடுவதும் தவறு. மழுங்கிய கத்தியை அதிகமாக அழுத்துகிறோம். அழுத்தின வேகத்தில் அது நழுவி, கையைக் காயப்படுத்துகிறது. அதற்கு வேண்டியது கனத்த கோணமும் மாதத்துக்கு ஒரு தீட்டும், அவ்வளவே.

உங்கள் வீட்டிலும் இரண்டு கத்திகள் இருக்கக் கூடும். இன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியே வையுங்கள். பார்சல் வந்தால் மற்றதை எடுங்கள். கயிறு அறுக்கவென்று எவரேனும் வந்து நல்ல கத்தியைக் கேட்டால், ராயக்கோட்டைப் பெரியவரைப் போல, கோபியாமல், மற்றதை நீட்டுங்கள்.